நெட் இல்லாம ஒரு பேண்ட் எப்படி ஊருக்குத் தெரியவருது

ஃபுகாசின்னு ஒரு பேண்ட், அமெரிக்கால வாஷிங்டன் டிசி ஊர்க்காரங்க. அவங்க முதல் ஷோ 1987 செப்டம்பர் 3 அன்னிக்கு வில்சன் சென்டர்ங்கற ஒரு சமூகக் கூடத்துல நடந்துச்சு, ஆனா முதல் ரெக்கார்ட் கடைக்கு வந்தது 1988 கடைசில தான். நடுவுல ஒரு வருஷத்துக்கும் மேல, கைல விக்கறதுக்கு ஒரு பாட்டு கூட இல்லாம வாசிச்சிட்டே இருந்திருக்காங்க, ரெக்கார்ட் வந்தப்போ அத வாங்க ஆளுங்க ஏற்கனவே ரெடியா இருந்தாங்க. இப்ப நம்ம ஊர்ல ஒரு பேண்ட் ஆரம்பிச்சா இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதல்ல ஒரு பாட்ட ரெக்கார்ட் பண்ணி ஆன்லைன்ல ஏத்தி, காசு கட்டி அத பூஸ்ட் பண்ணி, வ்யூஸ் வரலன்னு தெரிஞ்சதும் சரி ஆஃப்லைன்லயும் எதாவது பண்ணுவோம்னு கடைசியா தான் அந்தப் பக்கம் திரும்பறாங்க. அப்பவும் ஆஃப்லைன் ப்ரமோஷன்னா மனசுல வர்றது போஸ்டர், ஸ்டிக்கர், டீ-ஷர்ட்.

போஸ்டர் வேணும் தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா வரலாற்ற கொஞ்சம் கிளறிப் பாத்தா பேண்டுங்கள வளர்த்துவிட்டது ரூட்டுனு தெரியுது. அதாவது ஏற்கனவே வேற எதோ காரணத்துக்காக கூடிட்டிருக்கற ஜனங்க வழியா, ஒரு ஊர்லேந்து அடுத்த ஊருக்கு போற பாதை. சில பேர் அந்தப் பாதைய தாங்களே போட்டாங்க, சில பேர் இருந்த பாதைல ஏறிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இந்தப் பாதைங்க ஏராளமா கிடக்கு, நம்ம இண்டி பேண்டுங்க, அதாவது பெரிய கம்பெனி இல்லாம தாங்களே பாட்டு போடறவங்க, அதுல ஏறாம ஒரே பப்புக்கு முன்னாடி நிக்கறாங்கங்கறது தான் என் ஆதங்கம்.

முதல்ல பாதைய தாங்களே போட்டவங்க கதை. 1970கள் கடைசில லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துல ஹெர்மோசா பீச்ங்கற கடலோர ஊர்லேந்து வந்தவங்க பிளாக் ஃபிளாக். கிளப்காரங்க இவங்கள சுலபமா உள்ள விடல, பெரிய ரெக்கார்ட் கம்பெனி எதுவும் சீண்டல. பேண்டோட கிட்டாரிஸ்ட் கிரெக் கின், சின்னப் பையனா இருக்கும்போதே ரேடியோ சாமான்கள தபால்ல விக்கற ஒரு குட்டி வியாபாரம் நடத்தினவர், எஸ்எஸ்டின்னு பேரு. அதே பேர்லயே 1979ல பேண்டோட முதல் ரெக்கார்ட தானே வெளியிட்டார். பார்சல் கட்டி ஸ்டாம்ப் ஒட்டி முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பறது அவருக்கு ஏற்கனவே பழகின வேலை, அதனால யாராவது பெரிய மனுசன் வந்து கைதூக்கி விடணும்னு அவர் உக்காந்திருக்கல.

போஸ்டர் வேலைய அவர் தம்பி பாத்துக்கிட்டார், ரேமண்ட் பெட்டிபான். கருப்பு வெள்ளைல பேனா ட்ராயிங், எதோ விபரீதம் நடக்கப்போற மாதிரி ஒரு தருணம், அதுக்கு ஒரு வரி, அப்புறம் தேதி இடம் நேரம். கருப்பு வெள்ளைங்கறதால ஜெராக்ஸ்ல சல்லிசா முடிஞ்சுது. அந்தத் தம்பி பின்னாடி உலகம் அறிஞ்ச ஓவியர் ஆகி, அவர் வேலைங்க இன்னிக்கு பெரிய மியூசியங்கள்ல இருக்கு. பேண்டோட லோகோவும் அவர் போட்டது தான், நாலு கருப்புக் கட்டை, கொஞ்சம் ஏத்தி இறக்கி நிக்கும், அவ்ளோ தான். ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா வெச்சிருக்கற எந்தப் பையனும் நாலு இழுப்புல சுவத்துல போட்டுட்டு ஓடிடலாம், பேரு கூட எழுத வேணாம். ரசிகன் தன் கையால வரைய முடியற சின்னத்துக்கு என்ன பலம்னு நம்ம கட்சிக்காரங்களுக்கு நல்லாவே தெரியும், உதயசூரியனும் இரட்டை இலையும் பெயிண்ட் அடிக்கத் தெரியாதவன் கூட சுவத்துல போட்டுடலாம். நம்ம பேண்டுங்க லோகோவ பாத்தா கம்ப்யூட்டர்ல அவ்வளவு நுணுக்கமா டிசைன் பண்ணிருப்பாங்க, ஒரு காலேஜ் பொண்ணு நோட்டு அட்டைல வரையணும்னு ஆசப்பட்டா கூட முடியாது.

ஆனா போஸ்டரோட அவங்க கதை முடியல, அங்க தான் ஆரம்பிக்குது. லாஸ் ஏஞ்சலீஸ்ல போலீஸ் தொல்லை அதிகமாச்சு, ஷோவ நிறுத்தறது, வந்தவங்கள அடிச்சு விரட்டறதுன்னு போக, பேண்ட் வேன் எடுத்துட்டு வெளியூர் கிளம்பிடுச்சு. பேஸ் கிட்டார் வாசிச்ச சக் டுகோவ்ஸ்கி ஃபோனும் கையுமா உக்காந்து ஊர் ஊரா பேசி தேதி பிடிப்பாரு. கிளப் இல்லாத ஊர்ல பழைய ராணுவக்காரங்க சங்கத்து ஹால், சர்ச் கட்டடத்தோட கீழ்த்தளம், சமூகக் கூடம்னு எது வாடகைக்கு கிடைச்சாலும் சரி. கனடால வான்கூவரோட டி.ஓ.ஏ, சான் ஃபிரான்சிஸ்கோவோட டெட் கென்னடிஸ் இவங்களும் அதே மாதிரி சுத்திட்டு இருந்தாங்க. இதுல நான் ரொம்ப மதிக்கற விஷயம், ஒரு ஊர்ல ஷோ வெக்கற பையனோட நம்பர் கிடைச்சா யாரும் அத பூட்டி வெச்சுக்கல, அடுத்த பேண்டுக்கு குடுத்தாங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தன் இருப்பான், ஹால் பிடிப்பான், ஜெராக்ஸ் போட்டு ஒட்டுவான், ராத்திரி தன் வீட்டு ஹால்லயே படுக்க இடம் குடுப்பான். அவன் தான் அந்த ஊருக்கு மொத்த விளம்பரத் துறையும். கொஞ்ச நாள்ல அவனே ஒரு பேண்ட் ஆரம்பிச்சு அதே பாதைல கிளம்பிடுவான்.

இதுக்கு சாட்சி வேணும்னா ஹென்றி ரோலின்ஸ். வாஷிங்டன்ல ஐஸ்கிரீம் கடைல வேலை பாத்துட்டு இருந்த பையன், பிளாக் ஃபிளாக் கிழக்குப் பக்கம் வந்தப்போ நியூயார்க் ஷோவுக்கு போய் கூட்டத்துலேந்து மேடைல ஏறி ஒரு பாட்டு பாடினான், 1981ல அவனே அந்த பேண்டோட பாடகர். வேன் அந்தப் பக்கம் போகாம இருந்திருந்தா இந்த ஆள் அவங்களுக்கு கிடைச்சிருக்க மாட்டார்.

அப்புறம் 1982ல சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா பக்கத்துலேந்து மேக்ஸிமம் ராக்கன்ரோல்னு ஒரு பத்திரிகை வந்துச்சு, சாணிப்பேப்பர்ல அடிச்சது, அதுல ஊர் வாரியா அந்தந்த ஊர்க்காரங்களே எங்க ஊர்ல இந்த பேண்ட் இருக்கு இந்த ஹால் இருக்குன்னு எழுதுவாங்க. 1992லேந்து மாநில வாரியா ஹால், ஷோ வெக்கறவங்க, ராத்திரி தங்க இடம் எல்லாம் போட்ட டைரக்டரியே புத்தகமா வர ஆரம்பிச்சுது. பாதை மொத்தமும் பேப்பர்ல வந்தாச்சு, புதுசா வர்ற பேண்ட் அந்தப் புத்தகத்த வெச்சுட்டே ஒரு டூர் போடலாம்.

இங்க ஒரு முக்கியமான சிக்கல் இருந்துச்சு, வயசு. பாட்டு கேக்க துடிக்கறது பதினாறு பதினேழு வயசுப் பசங்க, ஷோ நடக்கறது சாராயம் விக்கற எடம், உள்ள விட மாட்டாங்க. 1980ல டீன் ஐடில்ஸ்னு வாஷிங்டன் ஸ்கூல் பசங்க பேண்ட் ஒன்னு பஸ் பிடிச்சு கலிஃபோர்னியா போச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல மபுஹே கார்டன்ஸ்ங்கற கிளப்ல இவங்க கைல மார்க்கர்ல பெரிசா எக்ஸ் போட்டு, இந்தக் கைக்கு சரக்கு குடுக்காதன்னு அடையாளம் வெச்சு உள்ள விட்டாங்க. பசங்க ஊருக்குத் திரும்பி தங்களோட ஊரு கிளப்காரங்ககிட்டயும் இதே ஏற்பாட்ட கேட்டு வாங்கினாங்க. அதே பசங்க ஷோல கிடைச்ச காச யாரும் பிரிச்சுக்காம பொதுவா சேத்து வெச்சு, பேண்ட் கலையும்போது அந்தக் காசுல ஒரு ரெக்கார்ட் போட்டாங்க, டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்ங்கற ரெக்கார்ட் கம்பெனி அப்படித் தான் பொறந்துச்சு. அட்டைய வெட்டி மடிச்சு பசை தடவினது எல்லாம் அவங்களும் ஃப்ரெண்ட்ஸும். அதுல இருந்த இயன் மக்கே தான் பின்னாடி ஃபுகாசி ஆரம்பிச்சவர்.

ஃபுகாசி வெச்சுக்கிட்ட விதிங்க ரொம்ப எளிமை. டிக்கெட் அஞ்சு டாலர், எந்த வயசுக்காரங்களும் வரலாம். டீ-ஷர்ட் விக்க மாட்டாங்க, சாராய சிகரெட் விளம்பரம் போடற பத்திரிகைக்கு பேட்டி கிடையாது. கேக்கறப்போ வீம்பு மாதிரி தெரியும், கணக்கு போட்டா புரியும். 500 பேர் வந்தா 2,500 டாலர், பெரிய க்ரூ கிடையாது, மேனேஜர் கிடையாது, ஃப்ரெண்ட்ஸ் வீட்ல தங்கிடறது, அதனால அந்தக் காசு தாங்கும். அஞ்சு டாலர்னா ஸ்கூல் பையன் தானும் வருவான், கேள்விப்படாத ஃப்ரெண்டயும் இழுத்துட்டு வருவான், பிடிக்கலன்னாலும் பெரிய நஷ்டமில்ல. விளம்பரத்துக்கு செலவு பண்ண வேண்டிய காச டிக்கெட்ல கழிச்சுட்டாங்கனு தான் நான் இத பாக்கறேன். டீ-ஷர்ட் விஷயத்துல மட்டும் அவங்கள அப்படியே பின்பற்ற சொல்ல மாட்டேன், நம்ம பேண்டுங்களுக்கு டீசல் காசே பல தடவ டீ-ஷர்ட் விக்கற டேபிள்லேந்து தான் வருது.

இன்னொன்னு, சொந்த ஊர்ல அவங்க வாசிச்ச ஷோங்க அநேகமா எல்லாமே எதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டற ஷோ, இல்ல இலவசம், இல்ல போராட்டம். பாசிட்டிவ் ஃபோர்ஸ்னு 1985ல ஆரம்பிச்ச இளைஞர் அமைப்பு பல ஷோக்கள ஏற்பாடு பண்ணுச்சு. 1991 ஜனவரில வளைகுடாப் போர எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு எதிர்ல இருக்கற பூங்காவுல குளிர்ல நின்னு வாசிச்சாங்க. ஒரு ஷோவ இலவச மருத்துவமனைக்காகவோ வீடில்லாதவங்களுக்காகவோ நடத்தினா என்ன ஆகும், மியூசிக் பத்திரிகைய வாழ்க்கைல தொடாத ஆளுங்க வாயில உங்க பேண்ட் பேரு வரும். அவங்க கொள்கைக்காக பண்ணாங்க, அதுல எனக்கு சந்தேகமில்ல, ஆனா பேரு பரவினதும் அதே வழில தான். 2002ல நிறுத்தறதுக்குள்ள ஆயிரத்துக்கும் மேல ஷோ, அதுல 800க்கும் மேல ரெக்கார்ட் பண்ணி வெச்சு 2011லேந்து எல்லாத்தையும் வெளிய விட்டாங்க.

வேன்ல போக முடியாதவங்களும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. நியூயார்க் புரூக்ளின்ல தே மைட் பி ஜயண்ட்ஸ்னு ரெண்டு பேர் பேண்ட், 1980களோட முதல் பாதில ஒருத்தருக்கு மணிக்கட்டு உடைஞ்சுது, இன்னொருத்தர் வீட்ல திருடு போச்சு, ஷோ வாசிக்க வழியில்ல. வீட்டு ஃபோன் ஆன்சரிங் மெஷின்ல ஒரு பாட்ட பதிஞ்சு வெச்சு, லோக்கல் பேப்பர்ல நம்பர விளம்பரம் குடுத்து, யார் வேணும்னாலும் கூப்பிட்டு பாட்டு கேளுங்கன்னு விட்டாங்க. ஒரு சமயத்துல ஒரு ஆள் தான் கேக்க முடியும், லைன் கிடைக்கலன்னா திருப்பி அடிக்கணும், அப்படி அடிச்சு அடிச்சு கேட்டவன் சும்மா விடுவானா, நாலு பேர்கிட்ட சொன்னான்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கிலீஷ் ராக் பேண்டுங்களுக்கு இங்க பாதையா இருந்தது காலேஜ் கல்ச்சுரல்ஸ் தான், ஐஐடி மும்பை, ஐஐடி மெட்ராஸ் மாதிரி எடம், போட்டின்னு கூப்பிடுவாங்க, ட்ரெயின்ல போய் ஹாஸ்டல்ல தங்கி வாசிச்சுட்டு வரணும். 1993ல அலகாபாத்லேந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்னு ஒரு பத்திரிகைய அமித் சைகலும் ஷேனா காமட்டும் ஆரம்பிச்சாங்க. மும்பையும் இல்ல பெங்களூரும் இல்ல, அலகாபாத். எந்த ஊர்ல எந்த பேண்ட் இருக்குன்னு ஹாஸ்டல் பசங்களுக்கு முதல்முறையா தெரிஞ்சுது, அதே ஆளுங்க சொந்தப் பாட்டு வாசிக்கற பேண்டுங்களுக்குன்னு ஃபெஸ்டிவலும் நடத்தினாங்க. பேப்பரும் மேடையும் ஒரே கைல இருந்ததால பாதை தானா உருவாச்சு.

தமிழ்நாட்டுல இதுக்கெல்லாம் முன்னாடியே நடந்தது ஒன்னு இருக்கு, இத ஏன் யாரும் இண்டி மியூசிக் பேசும்போது சொல்றதில்லன்னு எனக்கு ஆச்சரியம். பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன். 1958ல தேவிகுளம் இடைத்தேர்தல், கேரளாவுல, ஆனா எஸ்டேட்ல வேலை செய்யறவங்க நிறைய பேர் தமிழ்க்காரங்க. கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக பாவலர் தேயிலைத் தோட்டத்துல ஊர் ஊரா பாடினார், அவங்க ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் தம்பிங்களும் சேந்து பாவலர் பிரதர்ஸ்னு கட்சி மேடை மேடையா வருஷக்கணக்கா பாடினாங்க, அந்தத் தம்பிகள்ல ஒருத்தர் தான் இளையராஜா. ரெக்கார்ட் இல்ல, ரேடியோ இல்ல, கட்சி எங்கெல்லாம் கூட்டம் போட்டுச்சோ அங்கெல்லாம் மேடை, மைக் செட், உக்காந்து கேக்க ஜனம். மெட்ராஸுக்கு அவங்க வந்தது 1968ல, அதுக்குள்ள எத்தன விதமான கூட்டத்த பாத்திருப்பாங்க, எந்த மெட்டுக்கு எந்த ஊர்ல கை தட்டு விழும்னு எவ்வளவு நல்லா தெரிஞ்சிருக்கும். எந்த ஸ்டூடியோவும் அத சொல்லிக் குடுக்காது.

மெல்லிசைக் குழுக்கள் ஓடினதும் இதே மாதிரி ஒரு பாதைல தான், அது திருவிழா காலண்டர். ஒரு ஊர் கமிட்டிக்காரர் பக்கத்து ஊர் கச்சேரிய கேட்டுட்டு, அடுத்த வருஷம் பங்குனிக்கு நம்ம ஊருக்கு வாங்கன்னு அட்வான்ஸ் குடுப்பார். திருவிழா நோட்டீஸ்ல குழு பேரு வரும், அந்த நோட்டீஸ் வீடு வீடா போகும், வெளியூர் சொந்தக்காரங்களுக்கும் போகும். சென்னைல கானா பாடறவங்களுக்கு சாவு வீடு. ஒருத்தர் மரண கானா பாடினத கேட்ட சனம் தான் அடுத்த எடத்துக்கு அவர கூட்டிட்டுப் போகும்.

சமீபத்துல இத புரிஞ்சு பண்ணவங்கன்னா தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவோட மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேந்து உருவாக்கினது, 2018 ஜனவரி 6 கீழ்ப்பாக்கத்துல ஸ்கூல் கிரவுண்ட்ல முதல் கச்சேரி. கானா, ராப், ராக், பறை, சட்டிங்கற மேளம் எல்லாம் ஒரே மேடைல, பேரே அயோத்திதாசப் பண்டிதரோட ‘சாதியற்ற தமிழர்’ங்கறதுலேந்து எடுத்தது. அன்னிக்கு கிரவுண்ட்ல ஆயிரக்கணக்குல ஜனம். அதுக்கு காரணம் ரஞ்சித் சினிமாக்காரர்ங்கறது மட்டும் இல்ல. அம்பேத்கர் மன்றம், வாசகர் வட்டம், இரவுப் பாடசாலைன்னு ஏற்கனவே கூடிட்டிருந்த ஆளுங்களுக்கு இது தங்களோட கச்சேரின்னு பட்டுச்சு. 2015லேந்து பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் எல்லாம் மீனவ மக்களோட சேந்து நடத்தின விழாவும் வேற விதத்துல அதே வேலைய பண்ணுச்சு, சபாவுக்கு வராத ஜனம் இருக்கற எடத்துக்கு மேடைய கொண்டு போச்சு.

இப்ப சொந்தமா பாட்டு எழுதற ஒரு புது பேண்டுக்கு சென்னைல என்ன நிலைமைன்னா, பேண்ட் வாசிக்கற மாதிரி பார்ங்கறது பெரும்பாலும் ஸ்டார் ஓட்டலுக்குள்ளயோ கிளப்புக்குள்ளயோ தான், குடிக்கற வயசு 21. அப்போ உங்க பாட்டுக்கு உயிர விடப்போற பதினேழு வயசுப் பையன் வெளிய நிக்கறான், உள்ள இருக்கறவங்க சாப்பிட வந்தவங்க. வாஷிங்டன் பசங்க கைல எக்ஸ் போட்டு தாண்டின அதே சுவர். சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்னா பொது இடத்த அலங்கோலம் பண்ணக்கூடாதுன்னு 1959லேந்தே சட்டம் இருக்கு, சினிமாவுக்கும் கட்சிக்கும் நடக்கறது உங்களுக்கு நடக்காது, ஃபிளெக்ஸ் பக்கமே போகாதீங்க, 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனதுக்கு அப்புறம் அனுமதியில்லாத பேனர் வெக்கறது சட்டத்துக்கு முன்னாடி மனசாட்சிக்கே ஆகாது. திறந்தவெளில வாசிச்சா ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கர் ஆஃப் பண்ணியாகணும், ஒலி மாசு விதிகள் 2000ல அப்படி தான் இருக்கு, அதனால ஆறரைக்கு ஆரம்பிக்கற மாதிரி பிளான் பண்ணுங்க, இது பசங்க அப்பா அம்மா அனுப்பறதுக்கும் சௌகரியம்.

அப்போ எங்க போறது. நூலகத்து ஹால், சங்கத்துக் கட்டடம், சர்ச் ஹால், டான்ஸ் கிளாஸ் நடக்கற மாடி, தெரு நாடகக் குழுவோட ரிகர்சல் எடம், புத்தகக் கண்காட்சி மேடை, குடியிருப்போர் சங்கத்து பொங்கல் விழா. காலேஜ்ல பெரிய கல்ச்சுரல்ஸ் மேடைக்கு சினிமா பாடகர் தான் வருவார், அங்க மோதாதீங்க, டிபார்ட்மென்ட் விழாவும் மியூசிக் கிளப்பும் ஹாஸ்டல் டேயும் தான் உங்களுக்கு. ஜெராக்ஸ் நோட்டீஸ மெயின் ரோட்டு சுவத்துல ஒட்டறதுக்கு பதிலா கடைக்காரர கேட்டு கிட்டார் கடை, ஸ்ட்ரிங்ஸ் மாத்தற ரிப்பேர் கடை, டியூஷன் சென்டர், டீக்கடைல வைங்க, அண்ணே ரெண்டு வாரம் இருக்கட்டும்ணேன்னு கேட்டா மாட்டேன்னு சொல்ற கடைக்காரர் குறைவு. தேதியும் எடமும் நேரமும் டிக்கெட் விலையும் ரெண்டடி தள்ளி நின்னாலும் படிக்க முடியணும், பேண்ட் ஃபோட்டோ சின்னதா போதும். வாசல்ல ஒரு நோட்டு, வர்றவங்க பேரும் ஊரும் நம்பரும் அவங்க கையாலயே எழுதட்டும், ஊர்ங்கற கட்டம் தான் ரொம்ப முக்கியம், சேலம்னு ஏழெட்டு பேர் எழுதிருந்தா அடுத்த ஷோ எங்கன்னு தெரிஞ்சுடும், அதுல ஒருத்தர கூப்பிட்டு தம்பி உங்க ஊர்ல ஹால் எதாவது இருக்கான்னு கேக்கலாம்.

வெளியூர்ல தனியா வாசிக்காதீங்க, அந்த ஊர் பேண்ட் ஒன்ன கூட சேத்துக்கோங்க, கூட்டம் அவங்களோடது, அவங்க சென்னை வரும்போது மேடையும் தங்க எடமும் நீங்க குடுக்கணும், வாசல் வசூல் ரெண்டு பேருக்கும் பாதிப்பாதின்னு முதல்லயே பேசிடுங்க. சென்னையிலேந்து வேலூர், அங்கேந்து பெங்களூர், திரும்பும்போது சேலம்னு போட்டா ஒரு வார இறுதிக்குள்ள முடிஞ்சுடும், டிரம்ஸ் முழுசா தூக்கிட்டுப் போகாம அந்த ஊர்ல கேட்டு வாங்கிக்கலாம், சிம்பல்ஸ்ங்கற தட்டும் ஸ்நேர்ங்கற சின்ன டிரம்மும் மட்டும் கைல இருந்தா போதும். அதே ஊருக்கு மூணு நாலு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ போகணும். முதல் தடவ வந்தவங்க ஞாபகம் அதுக்கு மேல தாங்காது, ரெண்டாவது தடவ வர்றப்போ தான் அவங்க கூட ஃப்ரெண்ட கூட்டிட்டு வர்றாங்க, அதனால முதல் ஷோ முடிஞ்ச ராத்திரியே அந்த ஊர் பேண்டோட உக்காந்து அடுத்த தேதிய பேசிட்டு ட்ரெயின் ஏறுங்க.